மெய் மறைக்காத மெய்ம்மறை

ஓர் இரும்புச் சட்டை. அதை ஆடவன் ஒருவன் அணிகிறான். கழுத்து முதல் கணுக்கால் வரை இரும்பு மூடுகிறது. தோள்மீது குன்றென எழுகிறது. முழங்காலுக்கும் தனிக் காப்பு உண்டு. அதே சட்டையை, நினைவிற் கொள்க, அதே பெயர், அதே விலை, அதே வலிமை கொண்ட சட்டையை, பெண்ணொருத்தி அணிகிறாள். என்னே விந்தை! வயிற்றை மூடிய இரும்பு மாயமாகிறது. தொடையை மூடிய இரும்பு தொலைந்து போகிறது. எஞ்சி நிற்பன கைக்குட்டை அளவில் சில தகடுகளும் ஒரு கச்சையும்! இரும்பை உருக்கியது எது? உலைக்களமா? கொல்லனின் துருத்தியா? இல்லை, இல்லை. அணிந்தவள் பெண் என்ற ஒரே காரணம்!

கற்பனையாகக் கூறவில்லை. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' எனும் இணையவழி விளையாட்டில், தொடக்க ஆண்டுகளில், இவ்வாறு ஆணுடலில் ஒரு கோலமும் பெண்ணுடலில் வேறொரு கோலமும் காட்டிய உடைகள் பல இருந்தன. வாளும் மந்திரமும் வேதாளமும் உலவும் கற்பனை உலகம் அது. உலகின் நாலா மூலையிலிருந்தும் மக்கள் ஒரே நேரத்தில் அங்கு நுழைந்து, தமக்கென ஓர் உருவைப் படைத்துக்கொண்டு, அணி சேர்ந்து போரிடுவர். அங்கே மறத்திக்குக் கிடைத்த கவசம் இது. கவசத்துக்குத் தமிழில் மெய்ம்மறை என்றொரு சொல் உண்டு; பதிற்றுப்பத்துக் காலத்துச் சொல். மெய்யை மறைப்பது மெய்ம்மறை. மெய்யை மறைக்காத மெய்ம்மறைக்கு எந்த நிகண்டில் பெயர் தேடுவது?

பள்ளியில் இலக்கணம் புகட்டும் நமக்கு இந்த விளையாட்டுலகில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இழுத்து வந்தவள் ஒரு மாணவி. மாலையில் நம் இல்லத்துக்குப் பாடம் கேட்க வரும் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி. பாடம் முடிந்து தந்தை வந்து அழைத்துச் செல்லும் வரையில் அண்ணனின் கைப்பேசியில் 'கென்ஷின் இம்பாக்ட்' ஆடிக்கொண்டிருப்பாள். ஒருநாள் எட்டிப் பார்த்தோம். திரையில் மோனா எனும் மங்கை. விண்மீன் கண்டு குறி கூறுபவள். அவளுக்கு நீச்சலுடையை ஒத்த, உடலோடு ஒட்டிய உடை. ஆசிரியப் புத்தி சும்மா இருக்குமா?

"இவளுக்கு இன்னும் கொஞ்சம் மூடிய உடை இல்லையா, அம்மா?" என்றோம்.

"இருக்கிறது, ஐயா."

"இருக்கும்போது அணிவித்தால் என்ன?"

அவள் வாய் திறக்கவில்லை. விரல் மட்டும் திரையில் நகர்ந்தது. வேறோர் உருவம் வந்து நின்றது. கொம்பு முளைத்த, வாட்டசாட்டமான ஆடவன், பெயர் இட்டோ. மார்பும் வயிறும் திறந்தபடி நின்றான். "இவனுக்கு மூடிய உடை இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லையே, ஐயா" என்றாள் சிறுமி.

மறுமொழி நம்மிடம் இல்லை. மேசைமீது கிடந்த இலக்கண நூல்களை அடுக்கத் தொடங்கினோம். அடுக்கிய நூல்களையே மீண்டும் அடுக்கினோம். அவள் சென்றபின் இதுபற்றித் தேடிப் படிக்க முற்பட்டோம். படித்ததும் எண்ணியதும் இங்கே.

பெண்ணுக்கு இந்தக் கோலத்தை விளையாட்டுக்காரர் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏட்டிலிருந்தும் படக்கதையிலிருந்தும் இரவல் வாங்கினர். ராபர்ட் ஈ. ஹோவார்ட் எனும் அமெரிக்க எழுத்தாளர் 1934-இல் ஒரு கதை எழுதினார். 1529-இல் துருக்கிப் படை வியன்னா நகரை வளைத்துக்கொண்ட வரலாறே கதைக்களம். அதில் சோன்யா என்றொரு செங்குழலி வருகிறாள். வாளும் துப்பாக்கியும் ஏந்தி, முழுப் போர்க்கோலம் பூண்டு, ஆடவர்க்கு இணையாகக் களத்தில் நிற்கிறாள். 1973-இல் ராய் தாமஸ் எனும் எழுத்தாளரும் பாரி விண்ட்சர்-ஸ்மித் எனும் ஓவியரும் அவளை வேறொரு காலத்துக்குக் கடத்திச் சென்று, கோனன் எனும் வீரனின் படக்கதையில் 'ரெட் சோன்ஜா' என்ற பெயரில் உலவவிட்டனர். அப்போதும் அவள் மேனியில் இரும்பு வளையச் சட்டை இருந்தது. மறு ஆண்டு, 1974-இல், எஸ்டபான் மரோட்டோ எனும் ஸ்பெயின் நாட்டு ஓவியர் அவளை மீண்டும் தீட்டினார். சட்டை போயிற்று! மீன் செதில் போன்ற தகடுகளைக் கோத்த ஒரு பிகினி மட்டும் எஞ்சிற்று. நாற்பதே ஆண்டுகளில் வியன்னா மதிலின் போராளி, சுவரில் ஒட்டும் படமாகிவிட்டாள். அவள் வீரத்தில் ஒரு துளியையும் எவரும் குறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாள் அப்படியே இருந்தது. வெற்றிகள் அப்படியே இருந்தன. அந்த வீரத்தைப் பார்க்கும் கண்தான் இடம் மாறிற்று.

அந்தப் படத்தின் பேத்திகளே இன்றைய விளையாட்டுகளின் வீராங்கனைகள். 1999-இல் 'எவர்குவெஸ்ட்' எனும் இணையவழி விளையாட்டு வந்தபோது, அதன் பெட்டி அட்டையில் கீத் பார்க்கின்சன் தீட்டிய எல்ஃப் மங்கை நடுநாயகமாய் நின்றாள். கொடிய விலங்குகள் வாழும் காட்டுக்குள் செல்பவளுக்கு ஏற்ற உடை அன்று அது. கடையில் அட்டையைப் பார்த்து வாங்குபவன் ஆடவனே என்று விற்பவர் முடிவு கட்டியிருந்தனர். பெண்ணும் பணங்கொடுத்து வாங்குவாள், வாங்கித் தன்னையே அவ்வுருவில் காண்பாள் என்ற எண்ணம் அவர்கள் நெஞ்சில் எழவில்லை போலும்.

இவ்விடத்தில் விளையாட்டின் உள்ளமைப்பைச் சற்றே விளக்க வேண்டும்; இல்லையேல் வாதத்தின் வேர் புலப்படாது. நாடகத்தில் நடிகையின் உடையை அவையோர் காண்கின்றனர். விளையாட்டில் ஆடுபவரே நடிகர், ஆடுபவரே அவையோர். திரையில் உருவம் முன்னே நடக்கும். நம் பார்வை அதன் முதுகுப்புறத்தே, சற்று உயரத்தே நின்று தொடரும். மணிக்கணக்கில், மாதக்கணக்கில் அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆடவர் பலர் பெண்ணுருவைத் தேர்ந்து ஆடுகின்றனர் என்பது ஆய்வாளர் பன்முறை கண்ட செய்தி. காரணம் கேட்டால், "நெடுநேரம் பார்க்கப்போகும் முதுகு அழகாயிருக்கட்டுமே" என்று நகைப்போர் உளர். அந்த நகைப்பில் உண்மை ஒன்று வெளிப்பட்டுவிடுகிறது. உருவத்தை அணிந்துகொள்வோர் ஒருவகை. உருவத்தைப் பார்த்துக்கொண்டிருப்போர் ஒருவகை. அந்நாளைய உடை வரைஞர் எண்ணியதெல்லாம் இரண்டாம் வகையினரை!

இன்னொன்று. ஒவ்வோர் உடைக்கும் காப்பு எண் ஒன்று உண்டு. பகைவன் வெட்டினால் எத்துணை வலி தாங்கும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கும். துணி எத்துணை, இரும்பு எத்துணை என்று அது பார்ப்பதில்லை. ஆகவே வயிறு திறந்த சட்டைக்கும் வயிறு மூடிய சட்டைக்கும் ஒரே எண் இருத்தல் கூடும். இதில் ஒரு கொடுமை இருந்தது. கடும் பகைவனை வெல்ல உயர்ந்த எண் வேண்டும். உயர்ந்த எண் கொண்ட சட்டை பெண்ணுருவில் எக்கோலம் காட்டினாலும் அதைத்தான் அணிய வேண்டும். விருப்பமா, வெட்கமா என்ற வினாவுக்கே அங்கு இடமில்லை. 2011 நவம்பரில்தான் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இக்கட்டை அவிழ்த்தது. ஒரு சட்டையின் எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு சட்டையின் தோற்றத்தை அதற்கு ஏற்றும் வழியைத் திறந்துவிட்டது. வலிமை வேறு, வடிவு வேறு என்று பிரித்த அந்தச் சிறு ஏற்பாடு, நூறு கண்டன உரைகளைவிட மிகுதியாகச் சாதித்தது என்பது நம் துணிபு. மூட விரும்பியவள் மூடினாள். மூட விரும்பாதவள் மூடவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

இனி, எதிர்வாதம் பேசுவோர்.

"கற்பனை உலகம் ஐயா! நெருப்பு உமிழும் பறவை நாகம் உண்டு. அங்கே இரும்பின் இலக்கணம் தேடலாமா? மந்திரம் காக்கிறது, சட்டை எதற்கு?" என்பர். நன்று. மந்திரம் காக்கட்டும். அந்த மந்திரம் ஆடவனை மட்டும் காக்க மறுப்பது ஏனோ? அவன்மீது மட்டும் அரைக்கொல்லனின் சரக்கை ஏற்றுவது ஏனோ? நாகம் பறந்தாலும் அதற்குச் சிறகு வரைகிறார்கள் அல்லவா! கற்பனைக்கும் தனக்கென ஒரு நேர்மை உண்டு. கவசத்தில் மார்புக்குத் தனித்தனியே இரு குமிழ் வைப்பதைப் பாருங்கள். உண்மைக் கவசக் கொல்லன் மார்புத் தகட்டைப் புடைக்க வளைப்பது, வந்து விழும் வாள் வழுக்கி வெளியே போவதற்கு. இரு குமிழ் வைத்தாலோ, வழுக்கும் வாள் நடு நெஞ்சுக்கே வந்து சேரும். காக்க வந்த இரும்பே காட்டிக் கொடுக்கும் இரும்பாகிறது.

"ஆடவனும்தான் அரையாடையோடு நிற்கிறான்" என்பது அடுத்த வாதம். நம் மாணவி காட்டிய இட்டோவும் அவன்தான், கோனனும் அவன்தான். இவ்வாதத்தை எளிதில் தள்ளுவதற்கில்லை என்று ஒப்புகிறோம். ஆயினும் இரு திறப்பும் ஒன்றல்ல. கோனனின் திறந்த மார்பு "இவனை வெல்ல முடியாது" என்று பகைவனிடம் பேசுகிறது; ரெட் சோன்ஜாவின் செதில் கச்சையோ பகைவனைப் பார்க்கவேயில்லை. ஆடவர்க்கு முரட்டு வீரன், முதிய மந்திரவாதி, தடித்த குள்ளன், எலும்புக்கூடு என்று ஆயிரம் வடிவு. அவற்றில் ஒன்று திறந்த மார்பு. பெண்ணுக்கோ, அரசியானாலும் சரி, திருடியானாலும் சரி, மருத்துவச்சியானாலும் சரி, ஒரே இடை, ஒரே திறப்பு என்று நெடுங்காலம் வைத்திருந்தனர். குறை துணியின் அளவிலன்று; வடிவின் வறுமையில்!

மூன்றாவது வாதம் பெண்களே எழுப்புவது. அதற்கு நாம் தலை வணங்குகிறோம். "எனக்கு அவ்வுடை பிடித்திருக்கிறது. என் உருவை நான் அலங்கரிக்கிறேன். உமக்கென்ன?" என்கிறார்கள். ஆம், நமக்கென்ன! தானே தேர்ந்தெடுத்து அணிபவள் எவர்க்கும் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லை. 'ஃபைனல் ஃபேண்டசி 14' எனும் சப்பானிய விளையாட்டில், மகளிர்க்கென்றே பூட்டி வைத்திருந்த முயற்காது உடையைப் பின்னாளில் ஆடவருருவும் அணியலாம் என்று திறந்துவிட்டனர். அணிந்து ஆடிய ஆடவர் கூட்டத்தைக் கண்டு சிரித்தோம். சிரித்தபின் எண்ணிப் பார்த்தோம். அதே உடை, இப்போது எவரையும் இழிவுபடுத்தவில்லை. பூட்டுப் போனதும் உடையின் பொருளே மாறிவிட்டது. இத்தனை எளிதா என்று வியந்தோம்.

குழந்தைத் தோற்றம் கொண்ட உருவங்களைப் பற்றி மட்டும் வாதத்துக்கே இடமில்லை. 2011-இல் கொரியாவில் வெளிவந்த 'டெரா' விளையாட்டில் சிறுமி போன்ற தோற்றமுடைய ஓர் இனம் இருந்தது. மேனாட்டில் வெளியிட்டபோது அதன் உடைகளை மாற்றி மூடினர். செய்யத் தக்கதைச் செய்தனர். முதலிலேயே அவ்வாறு வரைந்தது ஏன் என்பதே கேள்வி. 2022-இல் அவ்விளையாட்டின் கணினிப் பதிப்பு மூடப்பட்டது. மேலே செல்வோம்.

"அப்படியானால் மூடிவிடுவோம், எல்லாவற்றையும் மூடிவிடுவோம்" என்று கிளம்பும் பண்பாட்டுக் காவலரும் உளர். அவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. 2022 சனவரியில் 'கென்ஷின் இம்பாக்ட்' நான்கு மங்கையருக்கு மாற்றுடை தந்தது. படைத் தலைவி ஜீன், துறவி ரோசாரியா, வில்லாளி ஆம்பர், நம் மாணவியின் மோனா ஆகிய நால்வருக்கும் மார்பும் உடலும் கூடுதலாக மூடிய உடை. பிற நாடுகளில் விரும்பினோர் அணிவிக்கலாம். விரும்பாதோர் பழையதையே வைத்துக்கொள்ளலாம். உள்ளடக்கத்தின்மீது அரசின் கட்டுப்பாடு மிகுந்த சீனத்திலோ, மாற்றுடையே நிலையுடை ஆயிற்று. நால்வரும் பெண்கள் என்பதைக் காண்க. அதற்கு முந்திய மாதம்தான் இட்டோ அவ்விளையாட்டில் அறிமுகமானான், திறந்த மார்போடு. அவன் மார்பைப் பற்றி எந்த ஆணையும் கவலைப்படவில்லை. திறக்கச் சொன்ன கையும் மூடச் சொன்ன கையும் வேறு வேறு என்று எண்ணினோம். இரண்டும் ஒரே தோளில் முளைத்தவை போலும்!

பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1429-இல் பிரான்சு நாட்டின் தூர் நகரில் ஒரு கவசக் கொல்லன் ஒரு நங்கைக்காக முழுக் கவசம் செய்தான். அரசுக் கருவூலத்திலிருந்து 100 லிவர் கூலி கொடுத்தனர். ஜோன் ஆஃப் ஆர்க் அணிந்த கவசம் அது. குமிழ் இல்லை, கச்சை இல்லை. போர்வீரன் எவனும் அணிவது எதுவோ அது. இரண்டே ஆண்டில், 1431-இல், அவளைத் தீக்கிரையாக்கியபோது அவள்மீது சுமத்திய குற்றங்களுள் ஒன்று என்ன தெரியுமா? ஆடவர் உடை அணிந்தாள் என்பது! சிறையில் மகளிர் உடைக்கு மாறி, மீண்டும் ஆடவர் உடை அணிந்ததையே, திருந்தியவள் மறுபடி தவறினாள் என்பதற்குச் சான்றாகக் கொண்டனர். மூடியிருந்தவளைத்தான் கொளுத்தினார்கள். உடை ஒழுக்கம் பேசுவோர் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க.

திரையை மூடிவிட்டால் தீர்ந்தது என்று கருதுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2021 சூலையில் கலிபோர்னியா மாநில அரசுத் துறை ஒன்று, பணியிடத்தில் பெண்கள் பாகுபாட்டுக்கும் துன்புறுத்தலுக்கும் ஆளாயினர் என்று குற்றஞ்சாட்டி, ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. அடுத்த சில வாரங்களில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' உலகின் சுவர்களில் ஒரு மாற்றம். ஒய்யாரமாய்ச் சாய்ந்திருந்த மங்கையின் ஓவியம் போய், பழக்கிண்ணம் வந்தது! ஆடுவோர் கைகொட்டி நகைத்தனர். சம்பளத்திலும் பதவி உயர்விலும் நீதி கேட்ட பெண்களுக்குத் திராட்சைக் குலையா விடை? வழக்கு 2023 டிசம்பரில் ஏறத்தாழ 5 கோடியே 40 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது. துன்புறுத்தல் பரவலாய் நிகழ்ந்தது என்பதை எந்த நீதிமன்றமும் உறுதி செய்யவில்லை என்றும், உடன்பாட்டுத் தொகை ஊதியமும் பதவி உயர்வும் பற்றியதென்றும் அவ்வுடன்பாடு கூறியது. நேர்மை கருதி அதையும் குறிக்கிறோம். எப்படியாயினும் அந்த முடிவில் பழக்கிண்ணத்துக்குப் பங்கில்லை.

இவ்வளவு பேசுவதற்கு என்ன அவசரம், விளையாட்டுத்தானே என்பார்க்கு ஓரிரு செய்திகள். அணியும் உருவம் அணிபவர் மனத்தைத் தொடுகிறது என்று நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் எனும் ஆய்வாளர் இருவர் 2007-இல் எழுதினர். உயரமான உருவம் பெற்றவர் பேரம் பேசுவதில் துணிவு காட்டினராம். 2013-இல் ஜெசி ஃபாக்சும் பெய்லென்சனும் மற்றொருவரும் செய்த ஆய்வில், கவர்ச்சி உடை பூண்ட உருவத்தை ஏற்ற மகளிர் தம் உடலைப் பற்றியே மிகுதியாக எண்ணலாயினர் என்று கண்டனர். ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டு உலகுக்குத் தீர்ப்பெழுத நாம் முற்படவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புச் சிறுமியர்க்குப் பாடம் சொல்பவர் இதைக் கேட்டும் கேளாதது போல் இருக்க இயலாது.

அதனினும் கொடிது மற்றொன்று. அனிதா சர்கீசியன் எனும் பெண்மணி, விளையாட்டுகளில் பெண்ணைக் காட்டும் முறையை ஆராய்ந்து படத்தொடர் வெளியிட 2012-இல் பொதுமக்களிடம் நிதி கேட்டார். அவர் செய்தது திறனாய்வு. நாம் வகுப்பறையில் காப்பியத்தைக் குறித்துச் செய்வது எதுவோ அதுவே. வந்த மறுமொழி வசையும் கொலை மிரட்டலும். 2014-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேசவிருந்த நாளுக்கு முன்பே, பேசினால் சுட்டுக் குவிப்போம் என்று மிரட்டல் வந்தது. கூட்டத்துக்குள் துப்பாக்கி கொண்டுவருவதை அம்மாநிலச் சட்டப்படி தடுக்க இயலாது என்றனர். அவர் உரையைக் கைவிட்டார். ஓர் ஓவியத்தின் உடையை ஏன் என்று கேட்டவளுக்கு உயிர் அச்சம்! வெறும் விளையாட்டு என்போரே, வெறும் விளையாட்டுக்கா துப்பாக்கி?

சென்ற வாரம் அம்மாணவி மறுபடி வந்தாள். வேற்றுமை உருபில் ஐயம் தீர்ந்தபின், நாம் கேட்காமலே கைப்பேசியைக் காட்டினாள். பனி மூடிய மலை. அவ்விளையாட்டில் அம்மலையில் ஏறினால் குளிர் ஏறி ஏறி உயிர் குறையும். தீ மூட்டி மூட்டித்தான் மேலே செல்ல வேண்டும். மோனா மூடிய உடையில் நின்றாள்.

"மாற்றிவிட்டாயா?" என்றோம்.

"மலையில் மட்டும், ஐயா. கீழே இறங்கியதும் பழையதுதான்."

"இந்த உடைக்குக் குளிர் தாங்கும் வலிமை அதிகமோ?"

"இல்லை ஐயா, விளையாட்டில் இரண்டும் ஒன்றுதான்" என்றாள் அவள், இதைக்கூட அறியாரா ஆசிரியர் என்பது போல். "ஆனால் அவளுக்குக் குளிருமே!"

வாயிலில் அவள் தந்தையின் மிதிவண்டி மணி ஒலித்தது. மோனாவைத் தீயருகே நிறுத்திவிட்டு அவள் எழுந்து போனாள்.